இருபத்தேழடி ஜன்னல்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அடியெல்லாம் டேப் பிடித்து அளந்தது, கிலோவெல்லாம் தராசு பார்த்துச் சொன்னது. நடுவில் எங்காவது சந்தேகம் தட்டினால் அது கேட்பவரின் கோளாறு என்பதை இப்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எடைமேடைக்காரர் முப்பத்தோரு வருஷம் லாரிகளை எடை போட்டவர். லாரி மேடையில் ஏறி நிற்கும், அவர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து முள்ளைப் பார்ப்பார், சீட்டில் எழுதுவார், கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சீட்டிலும் ஒரு கிலோ கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓய்வு பெறவில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்து, “அறுபத்தெட்டு. செருப்பக் கழட்டினா அறுபத்தேழே முக்கால்,” என்று சொல்லிவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார். இதனாலேயே உறவுக்காரர்கள் வருவது குறைந்துபோனது.

வீடு மாடியில். கீழே எட்டுத் தூண்கள், வண்டி நிறுத்துகிற வெற்றிடம். மேலே தெருவைப் பார்த்த வாசலோடு முன்னறை, அதற்குப் பின்னால் படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை. சமையலறையின் கோடியில் பின்கதவு. கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சுவரிலிருந்து நீட்டிய ஒரு சிமெண்ட் தட்டு. அதை ஒட்டி, தரையிலிருந்து எழும்பிய பதினாலு படி. இறங்கினால் பின் சந்து. இவ்வளவும் பிற்பாடு தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறது.

முன்னறையில் ஒரே ஒரு ஜன்னல். சுவரோடு சுவராக, முகத்தில் அறைந்த மாதிரித் தட்டையான ஜன்னல். எடைமேடைக்காரரின் மனைவி நாலு வருஷமாக அதன் கம்பியில் வலது கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். கம்பி பதிந்து பதிந்து கன்னத்தில் மூன்று கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது. அப்படி ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் தெரு சலவைக்கடை வரைக்கும்தான் தெரியும். அங்கே தெரு வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்.

அவள் பார்த்தது மகள் வருகிறாளா என்று.

மகள் போய் நாலு வருஷம். கட்டினால் ஒரு லாரி டிரைவரைத்தான் கட்டுவேன் என்றாள். அந்த டிரைவரை எடைமேடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை ஜல்லி ஏற்றி வந்தவன், சரக்கோடு எடை போடும்போது கேபினுக்குள் உட்கார்ந்திருந்தான். கொட்டிவிட்டு வந்து காலி வண்டியை எடை போடும்போது இறங்கி நின்று சிகரெட் பிடித்தான். எடைமேடைக்காரர் கவனித்துக் கழித்து எழுதியிருக்காவிட்டால் அவனுடைய எழுபத்திரண்டு கிலோவும் ஜல்லியோடு ஜல்லியாகப் போயிருக்கும்.

“தன்னையே ஜல்லின்னு விக்கப் பாத்தவன்,” என்றார் எடைமேடைக்காரர் மகளிடம். “உன்னை நாளைக்கு என்னன்னு விப்பான்?”

“ஒரு தடவ இறங்க மறந்துட்டாருப்பா. அதுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்களா?”

“எடையில மறதின்னு ஒண்ணு கிடையாது. கூட இருக்கும், இல்ல குறைச்சலா இருக்கும்.”

பேச்சு நடந்தது சமையலறையில். மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். மகள் ஒரு பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினாள். தட்டின் மேல் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். எடைமேடைக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார்: “இனி என் கையால இந்தக் கதவு உனக்குத் திறக்காது.” பிறகு பதினாலு படியும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

தலை துவட்டிக்கொண்டே மனைவி வந்தாள். “எங்கங்க அவ?”

“போயிட்டா.”

“போயிட்டாளா? எந்தப் பக்கம்?”

எடைமேடைக்காரரின் கை தானாக எழுந்து முன்பக்கத்தைக் காட்டியது. ஒரு சீட்டில்கூடத் தப்பாக எழுதாத கை. மனைவி முன்னறைக்கு ஓடினாள், ஜன்னலில் கன்னத்தை வைத்தாள். அன்றைக்கு வைத்ததுதான்.

கையை இறக்கிக்கொண்டு, ‘இல்லம்மா, பின்பக்கமா’ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் பின்பக்கம் என்று சொன்னால், பின்கதவை யார் சாத்தினார்கள் என்ற கேள்வி வரும். என்ன சொல்லிச் சாத்தினீர்கள் என்று அடுத்தது வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தார். நாலு வருஷத்தில் நாளை என்பது நிறைய வந்து போனது.

ஒரு நாள் மனைவிக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போனாள். போனவள் ஒரு ஜன்னலோடு திரும்பி வந்தாள். பல் அப்படியே இருந்தது.

“டாக்டர் வீட்டு ஜன்னல் சுவத்த விட்டு வெளிய வந்து நிக்குதுங்க,” என்றாள். “மூணு பக்கமும் கண்ணாடி. உள்ள திண்டு போட்டு உக்காரலாம். உக்காந்தா தெரு இந்தக் கோடியும் தெரியுது, அந்தக் கோடியும் தெரியுது. பே விண்டோவாம். நமக்கும் அது ஒண்ணு வேணும்.”

“இருக்கற ஜன்னலுக்கு என்ன?”

“இது மட்டும் போதும்னு இருக்கீங்களா? அவ வந்திருப்பாங்க. எத்தனையோ தடவ வந்து பஸ்ஸ விட்டு இறங்கியிருப்பா. முனை வரைக்கும் நடந்து வந்து, அப்பா என்ன சொல்லுவாரோன்னு பயந்துட்டு, அடுத்த பஸ்ல ஏறிப் போயிருப்பா. இறங்கறப்பவே என் கண்ணுல பட்டுட்டா, திரும்பறதுக்குள்ள கூப்பிட்டுருவேன்.”

எடைமேடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததற்கும் எடை உண்டு. மகள் போன அன்றைக்கு ஒரு தடவை ஏறியது, இப்போது இரண்டாவது தடவையாக ஏறியது.

ஜன்னல் செய்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் அரையங்குலம். எங்கே எது பொருந்தாவிட்டாலும், “அரையங்குலம்தாங்க,” என்பார். கதவு சட்டத்துக்கு வெளியே நின்றாலும் அரையங்குலம், கதவே வேறு வீட்டுக்குச் செய்ததாக இருந்தாலும் அரையங்குலம். ஆனால் தொழிலில் அவருக்கு ஒரு கறாரான முறை இருந்தது. படம் காட்டமாட்டார், பட்டியல் நீட்டமாட்டார். கொட்டகையில் மூன்று விதமான ஜன்னல்களைக் கட்டைக்கால் மேல் நிறுத்தியிருப்பார். வாங்க வந்தவர் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்து முடிக்க வேண்டும். முடிக்கும் முன்னால் இறங்கிவிட்டால் அந்த ஜன்னல் அவருக்கு இல்லை.

“ஜன்னல அப்புறம் பாப்போம்,” என்றார் அரையங்குலம். “அதுக்கு முன்னாடி, என்ன தெரியணும்? அதச் சொல்லுங்க அண்ணி.”

“பஸ் ஸ்டாப்பு.”

“எந்தப் பக்கம்?”

“முன்பக்கம்.”

அரையங்குலம் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “அண்ணன் என்ன சொல்றீங்க? போட்டப்புறம் அந்தப் பக்கம் வெச்சிருக்கலாம், இந்தப் பக்கம் வெச்சிருக்கலாம்னு சொல்லக்கூடாது. ஜன்னலு நாற்காலி இல்ல, திருப்பிப் போடறதுக்கு. முன்பக்கம்தானே?”

எடைமேடைக்காரரின் வாயில் டீ இருந்தது. விழுங்கினார். விழுங்கி முடித்த பிறகும் விழுங்கிக்கொண்டே இருந்தார்.

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

பெட்டி மாதிரியான ஜன்னலில் மனைவி முதலில் ஏறினாள். பாதி டம்ளரிலேயே இறங்கிவிட்டாள். “பார்சல் கட்டி அனுப்பற மாதிரி இருக்கு,” என்றாள். இரண்டாவது வில் போல வளைந்தது. அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே நிற்பவர்கள் இரண்டு கிலோ கூடுதலாகத் தெரிந்தார்கள். எடைமேடைக்காரர் அதை அங்கேயே தள்ளுபடி செய்தார். மூன்றாவது நடுவில் நேராகவும் இரண்டு பக்கமும் சாய்வாகவும் மூன்று கண்ணாடி வைத்தது. மனைவி ஏறி உட்கார்ந்தாள். அரையங்குலம் கொட்டகையின் வாசலில் போய் நின்று, “தெரியறேனா?” என்றார். “தெரியறீங்க.” சுவரோரம் போனார். “இப்ப?” “தெரியறீங்க.” ரோட்டுக்குப் போய் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். “இப்ப?” “காலு தெரியுது.” டம்ளர் காலியாகியிருந்தது. அந்த ஜன்னல்தான் என்று முடிவாயிற்று.

மூன்றடி வெளித்தள்ளி ஜன்னல் மாட்டினார்கள். மனைவி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“சலவைக்கடைக் கதவு தெரியுது,” என்றாள்.

“பஸ் ஸ்டாப்பு?”

“தெரியல.”

“அரையங்குலம்தான் அண்ணி குறையுது,” என்றார் அரையங்குலம்.

அந்த அரையங்குலம் இன்னொரு மூன்றடி. ஆறடியில் சலவைக்கடைக்குள் இஸ்திரி போடுகிறவரின் வழுக்கை தெரிந்தது. பத்தடியில் அடுத்த தையல்கடையில் மாட்டியிருந்த சட்டையின் காலர் தெரிந்தது. பஸ் ஸ்டாப் தெரியவில்லை. பத்தடி என்பது தெருவில் முக்கால். எதிர்வீட்டுக்காரர் கோபமாக வெளியே வந்தார். தன் பால்கனியிலிருந்து கை நீட்டி ஜன்னலைத் தட்டி, “இது என்னங்க, எங்க வீட்டுக்குள்ளயே வர்றீங்க,” என்றார். மனைவி கண்ணாடியைத் திறந்து, விஷயம் என்ன என்று சொன்னாள். அவர் தட்டின கையை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து நீட்டி, “முதுகுக்கு வெச்சுக்கங்க,” என்றார். அதற்குமேல் ஜன்னல் நேராக நீளாமல் அவர் வீட்டு ஓரமாகத் தெருவோடு சாய்ந்து போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அது நியாயம்தான்.

பதினாறடி ஆனபோது நகராட்சியிலிருந்து ஒருவர் அளக்க வந்தார். அளந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்குக் கீழே முக்கால் மணி நேரம் ஒரு சொட்டு படாமல் நின்றார். மழை விட்டதும் நோட்டில் ‘நிழற்குடை, நல்ல நிலையில்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பஸ்கள் அதன் கீழே போயின. பஸ்ஸின் தலைக்கும் ஜன்னலின் அடிக்கும் நடுவே அரையங்குலம் இடைவெளி. இது நிஜமான அரையங்குலம்.

மூன்றடியில் எடைமேடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறடியில் கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாம். பதினாறடியில், பஸ் போகிற தெருவின் மேல் மனைவி ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது, ‘நீ பார்க்கிற பக்கமே தப்பு’ என்று சொல்ல ஒரு தனி ஆள் வேண்டும். அவர் அந்த ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் அரையங்குலம் டேப்பை இழுக்கும்போது, டேப்பின் மறுநுனியைப் பிடித்தது மட்டும் அவர்தான்.

அப்போதுதான் ஒரு நாள் சமையலறையில் ஒரு தக்காளி மேடையிலிருந்து விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. படுக்கையறை வழியாக, முன்னறை வழியாக, ஜன்னலின் நீளமெல்லாம் உருண்டு மனைவியின் காலடியில் போய் நின்றது. வேறு யாராவது இருந்தால் தக்காளியை எடுத்திருப்பார்கள். எடைமேடைக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். வீடு தராசாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. முன் தூண்கள் நடுமுள். ஒரு தட்டில் மனைவியும் ஜன்னலும். மறு தட்டு காலி.

பீரோவைப் பின்னால் தள்ளினார். கட்டிலைத் தள்ளினார். தண்ணீர் டிரம்மை நிரப்பிச் சமையலறையில் வைத்தார். அரையங்குலம் இருபத்தேழடி வரை நீட்டினார். அன்றைக்குத்தான் மனைவியின் குரல் தூரத்திலிருந்து வந்தது: “தெரியுதுங்க. கம்பம் தெரியுது. நிக்கறவங்க முகமெல்லாம் தெரியுது.”

அதே நேரம் கட்டில் தானாக அரை அடி முன்னால் நகர்ந்தது.

அரையங்குலம் வீட்டைச் சுற்றி வந்து, கீழேயும் மேலேயும் பார்த்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து, திரும்பவும் காதிலேயே வைத்தார். “அண்ணே, நீங்க எத்தன கிலோ?”

“எழுபத்திநாலு.”

“பின்கதவ ஒட்டி ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்குங்க. அண்ணி ஜன்னல்ல இருக்கறவரைக்கும் நீங்க அங்க இருக்கணும். அவ்வளவுதான். எந்திரிச்சா மட்டும்...”

“எந்திரிச்சா?”

“அரையங்குலம் சாயும்.”

அரையங்குலம் என்றால் எவ்வளவு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து வெளிச்சம் வந்ததும் மனைவி ஜன்னலுக்குப் போவாள், எடைமேடைக்காரர் நாற்காலிக்குப் போவார். அவள் உள்ளே திரும்பின பிறகுதான் அவர் எழுந்து முதுகை நிமிர்த்துவார். கூப்பிட்டால் கேட்காத தூரம் என்பதால் நடுவே ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் சாப்பாட்டு நேரம். அவள் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்தால் இப்போது வேண்டாம். இரண்டு இழுப்பு என்றால் மகள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். அந்த இரண்டு இழுப்பு அவளிடமிருந்துதான் வரும் என்று பேச்சு. இவர் பக்கத்திலிருந்து என்ன சேதி போய்விடப் போகிறது?

இப்படியாக எடைமேடைக்காரர் நாள் பூராவும் பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உலகத்தில் அவர் பார்க்க விரும்பாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தத் தாழ்ப்பாள். அது மூக்குக்கு நேரே இருந்தது. நாலு வருஷமாகத் திறக்காத தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. எப்போதாவது கையை அதன்மேல் வைப்பார். ‘என் கையால’ என்று சொன்ன கை. எடுத்துவிடுவார்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். நாற்காலி ஒரு நூல் அளவு பின்னால் தாழ்ந்தது. யாரோ வெளியே தட்டின் மேல் ஏறியிருக்கிறார்கள். உடம்பு கணக்குப் போட்டது: ஐம்பதுக்குள். மகள் ஐம்பத்திரண்டு. ஆகவே மகள் இல்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான், “யாரு?” என்றார்.

“நான்தான்ப்பா.”

குரல் சரியாக இருந்தது. எடைதான் ஒத்துப்போகவில்லை.

“நீ இப்ப எத்தன கிலோ?” என்று வாய் கேட்டுவிட்டது.



“நாலு வருஷம் கழிச்சு வந்து நிக்கறேன்,” என்றாள் மகள். “வான்னு ஒரு வார்த்த சொல்லல. எடை கேக்கறீங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா.”

“நாப்பத்தேழு. போதுமா? கதவத் திறங்க.”

போதவில்லை. ஐம்பத்திரண்டு இருந்தாலும் போதாது. தட்டு நாற்காலியைவிட மூன்றடி வெளியே இருப்பதைச் சேர்த்தாலும், அவர் எழுந்தால் இன்னும் பதினெட்டு கிலோ வேண்டும்.

“கையில பை இருக்கா?”

“இருக்கு.”

“பதினெட்டு கிலோ தேறுமா?”

“அப்பா.”

“என்னால எந்திரிக்க முடியாதும்மா.”

“முடியாதா, மாட்டீங்களா?”

“உங்கம்மா ஜன்னல்ல இருக்கா. நான் எந்திரிச்சா ஜன்னல் கீழ போயிடும்.”

“ஜன்னலு கீழ போயிடும்.”

“வீடும் கூட.”

“நீங்க எந்திரிச்சா வீடே சாஞ்சிடும். சரி.” அவள் சிரித்த மாதிரி இருந்தது; சிரிப்பு இல்லை. “அன்னிக்குத் திறக்கமாட்டேன்னு நேராவே சொன்னீங்க. அது எவ்வளவோ மேல்ப்பா. இந்த மாதிரி கதையெல்லாம் எப்பலருந்து?”

எடைமேடைக்காரர் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். இருபத்தேழடிக்கும் மூன்று அறைக்கும் அப்பாலிருந்து ஒரு இழுப்பு திரும்பி வந்தது: இப்போது வேண்டாம். திரும்ப இழுத்தார். திரும்ப ஒரு இழுப்பு, கொஞ்சம் எரிச்சலாக. இரண்டு இழுப்பு இழுத்தார். அங்கே கொஞ்ச நேரம் யோசனை நடந்தது. பிறகு கயிறு தளர்ந்து கிடந்தது. இரண்டு இழுப்பு என்றதும் அவள் கண்ணை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நாற்காலி மெல்ல மேலே வந்தது. நாற்பத்தேழு கிலோவும், ஒரு பையும் தட்டை விட்டு இறங்கிவிட்டன. ஒரு படி. இரண்டு படி. அதே சத்தம், ஐந்து கிலோ இலேசான சத்தம்.

ஏழாவது படியில் எடைமேடைக்காரர் எழுந்தார். வீடு ஒரு முனகல் முனகியது. தாழ்ப்பாள் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். துரு உதிர்ந்து, உள்ளங்கை கிழிந்து, திறந்தது. தட்டின் மேல் வந்து நின்றதும் வீடு திரும்ப நிதானித்தது. மகள் சந்தில் நடந்துகொண்டிருந்தாள், திரும்பாமல். எடைமேடைக்காரர் பின்னால் பார்த்தார். சமையலறை, படுக்கையறை, முன்னறை, அதற்குமேல் கண்ணாடிக் குழாய் மாதிரி நீண்டு போன ஜன்னல், அதன் நுனியில் மிளகளவு ஒரு பின்னந்தலை.

“ஏம்மா,” என்று கத்தினார். “அவ இந்தப் பக்கமாத்தான் போனா. நான்தான் கதவச் சாத்தினேன்.”

மிளகு அசையவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். பிறகு தட்டிலிருந்து காலை எடுத்துப் படியில் வைத்தார்.

பீரோவும் கட்டிலும் டிரம்மும் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக முன்னறைக்குப் போயின. வீட்டின் பின்பாதி ஆகாயத்துக்கு எழுந்தது. முன்னால் ஜன்னல் அவசரப்படாமல், பெரியவர் ஒருவர் கைப்பிடி பிடித்து உட்காருகிற மாதிரி இறங்கி, தெருவுக்கு அரையங்குலம் மேலே நின்றது. மனைவி பக்கக் கண்ணாடியைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். நாலு வருஷத்தில் பல்வலிக்கும் ஜன்னல் பார்க்கவும் போனதைத் தவிர அவள் கால் தெருவில் பட்டதில்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, “பின்பக்கம் ஏதோ சத்தம் கேக்குதுங்க,” என்றார்.

சந்தில் மகள் திரும்பி நின்றிருந்தாள். வீட்டின் பின்பாதி தலைக்கு மேலே நின்றது. படிக்கட்டின் அடியில் அப்பா, வெறுங்காலோடு, கையில் ரத்தம்.

“நெஜமாவே சாயுதாப்பா.”

“எடையில நான் பொய் சொன்னதில்ல,” என்றார் எடைமேடைக்காரர். மூச்சு வாங்கினார். “மத்ததுல சொல்லியிருக்கேன்.”

அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“அஞ்சு கிலோ எங்கம்மா போச்சு?”

“கொஞ்சம் கொஞ்சமா போச்சுப்பா.” அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “அவரும் போயிட்டாரு. போன வருஷமே. வேற ஊரு, வேற வீடு.”

‘நான் அன்னிக்கே சொன்னேன்’ என்பது எடைமேடைக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. அதன் எடை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தேழு கிலோ தாங்காது. விழுங்கினார்.

மனைவி சந்து முனையில் வந்து நின்றாள். மகளைப் பார்த்தாள். மேலே ஆகாயத்தில் திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தாள். கணவரின் கையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தாள். மகள் ஓடிவந்து அவள் கன்னத்தில் இருந்த மூன்று கோட்டையும் தடவினாள். “என்னம்மா இது?”

மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவரைப் பார்த்தே கேட்டாள். “இந்தப் பக்கமாவா போனா?”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“மூணடி போடறப்பவும் தெரியும். இருபத்தேழடி போடறப்பவும் தெரியும்.”

அவர் தலை குனிந்துகொண்டார். தன் நிழலைப் பார்த்தார். அதற்கு எடை இல்லை.

மனைவி மகளின் பையை வாங்கிக்கொண்டாள். “எட்டுக் கிலோகூட இருக்காதுடி,” என்றாள். மகளின் தோளைப் பிடித்து நடந்தாள். நாலு அடி போனவள் திரும்பாமலே சொன்னாள்: “நாளைக்கு அந்த ஆள வரச்சொல்லுங்க. ஜன்னல உள்ள தள்ளணும்.”

“சரி.”

“அந்த நாற்காலிய மட்டும் எடுக்க வேண்டாம். கதவப் பாத்த மாதிரியே இருக்கட்டும். நான் சொல்றவரைக்கும் நீங்க அதுலயே உக்காருங்க.”

உட்கார்ந்தார். இப்போதும் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் கேள்வி.

வீட்டைப் பற்றி ஒரு விவரம் விட்டுப்போயிற்று. அந்த வீட்டுக்குப் பின்கதவு என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. சந்தேகம் தட்டினால், அது யாருடைய கோளாறு என்று முதலிலேயே சொல்லியாயிற்று.